"எலக்ட்ரோஃபோரெசிஸ் நார்மல்" என்றதும் நிறுத்திவிடாதீர்கள்: அமிலாய்டோசிஸ் பிடிபட்ட விதம்

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஆனாலும் அப்பாவின் 24 மணி நேரச் சிறுநீரில் 5 கிராமுக்கு மேல் புரதம். ஏ.எல். அமிலாய்டோசிஸ், அதாவது தவறாக மடிந்த புரதம் உறுப்புகளில் படியும் நோய், என்று தெரிய நான்கு மாதம் ஆனது. அதில் பாதி, தவிர்த்திருக்கக்கூடிய தாமதம்.

எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள்தான் ஆன்டிபாடி செய்பவை. அவற்றில் ஒரே வம்சத்துச் செல்கள் பெருகி, ஆன்டிபாடியின் ஒரு துண்டான லைட் செயினை அளவுக்கு மீறிக் கொட்டுகின்றன. அது ஒழுங்காக மடியாமல் நார் நாராகத் திரண்டு கிட்னி, இதயம், நரம்பு, நாக்கு என்று படிகிறது. கெட்ட செல்கள் பெரும்பாலும் மஜ்ஜையில் 10 சதவீதம்கூட இருக்காது. அதனால்தான் சாதாரண சீரம் எலக்ட்ரோஃபோரெசிஸில் (ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கும் சோதனை) எதுவும் தெரியாமல் போகலாம். எங்களுக்கும் "நார்மல்" என்றே வந்தது, ஆறு வாரம் போனது.

கேட்க வேண்டிய சோதனைகள் மூன்று: ரத்தத்தில் தனியாகத் திரியும் லைட் செயினை அளக்கும் சீரம் ஃப்ரீ லைட் செயின், ஒரே வம்சத்து ஆன்டிபாடியையோ அதன் துண்டையோ அடையாளம் காணும் சீரம் இம்யூனோஃபிக்ஸேஷன், சிறுநீர் இம்யூனோஃபிக்ஸேஷன். மூன்றையும் சேர்த்துச் செய்தால் தப்புவது மிக அரிது. லைட் செயினில் கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. கிட்னி பழுதானால் இரண்டுமே ஏறும், ஆகவே கப்பாவை லாம்டாவால் வகுத்த விகிதத்தைப் பாருங்கள். வழக்கமான எல்லை 0.26 முதல் 1.65. அப்பாவுக்கு கப்பா 17, லாம்டா 210, விகிதம் 0.08.

கிட்னி பயாப்சியில் நடந்த தவறு இன்னும் வலிக்கிறது. எடுத்த துண்டுகள் மொத்தத்தையும் பார்மலினில் போட்டுவிட்டார்கள். படிந்த புரதத்தை ஒளிரும் சாயத்தால் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு ஒரு துண்டு பார்மலின் படாமல், சலைனிலோ மிஷல் திரவத்திலோ போக வேண்டும். முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அமிலாய்டைக் காட்டும் சாயமான காங்கோ ரெட்டும் நெகட்டிவ் என்றார்கள். கிட்னித் திசுவை வழக்கமாக 3 மைக்ரான் அளவில் மெல்லியதாகச் சீவுவார்கள். காங்கோ ரெட்டுக்கு 8 முதல் 10 மைக்ரான் தடிமன் வேண்டும், இல்லையென்றால் கொஞ்சமாகப் படிந்திருப்பது கண்ணில் படாது.

மறுபடி ஊசி குத்தச் சொன்னார்கள். குத்தவில்லை. பயாப்சி எண்ணைச் சொல்லி, திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை வாங்கி, வேறொரு லேபில் கொடுத்தோம். தடிமனாகச் சீவி, காங்கோ ரெட் போட்டு, போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்த்தபோது அமிலாய்டின் அடையாளமான ஆப்பிள் பச்சை மின்னியது! ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் புரதம் என்று வகை பார்க்கவும் அதே பிளாக் உதவியது.

24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பும் ஒருமுறை வீண். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதன்பின் மறுநாள் அதே நேரம் வரை எல்லாவற்றையும், கடைசிச் சிறுநீர் உட்பட, சேர்க்க வேண்டும்.

எக்கோவில் இதயச் சுவர் தடித்தும் ஈ.சி.ஜி.யில் அலைகள் குட்டையாகவும் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அப்போது சில இடங்களில் பி.ஒய்.பி. என்ற இதய ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். அது டிரான்ஸ்தைரெட்டின் என்ற வேறொரு புரதத்தால் வரும் அமிலாய்டுக்கானது. ஏ.எல்.லிலும் பாசிட்டிவ் காட்டக்கூடும். லைட் செயின் பார்க்காமல் அதை வைத்து முடிவெடுக்க விடாதீர்கள், சிகிச்சையே தடம் மாறிவிடும்.

அந்தக் கெட்ட பிளாஸ்மா செல்களை அழிக்க டாராட்டுமுமாப், போர்டெசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்ஸாமெத்தசோன் மருந்துகள் தொடங்கியாயிற்று. முதல் மாதத்திலேயே லாம்டா 40க்கு இறங்கியது. புரதம் போவதால் வரும் சிறுநீர் நுரை அப்படியே இருப்பதைப் பார்த்து மருந்து கேட்கவில்லையோ என்று பயந்தோம். லைட் செயின்தான் முதலில் இறங்கும், ஏற்கெனவே படிந்தது கரைந்து கிட்னி தேற பல மாதம் பிடிக்கும் என்றார் மருத்துவர். ஏழாவது மாதம் புரதம் 2 கிராம்.