பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்

ஈரோடு, திருப்பூர் பக்கம் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். பெற்றோரோடு இருக்க முடியாத பிள்ளையை வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வைத்து வளர்ப்பதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறோம். அதில் கைக்குழந்தைகளைவிடப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சின்னக் குழந்தை என்றால் எல்லோருக்கும் இரக்கம் வரும். மீசை அரும்பும் பையனிடம் ஊர் எதிர்பார்ப்பது நன்றியை. "சோறு போட்டு, துணி எடுத்துக் குடுத்து, படிக்கவும் வெக்கறாங்க. இன்னும் என்ன வேணுமுங்க?" என்று அக்கம்பக்கத்தார் நேராகவே கேட்பார்கள். இதைக் கேட்டே வளரும் பிள்ளை தனக்கென்று எதையும் கேட்கக் கூசிப்போகிறது.

சட்டம் அதை நன்றிக்கடனாகப் பார்க்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பதினெட்டு வயது முடியாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. தன்னைப் பாதிக்கும் எந்த முடிவிலும் கருத்துச் சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்தை மதிக்க வேண்டும் என்று பிரிவு 3-இலேயே இருக்கிறது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். நடைமுறையில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

பல்லடம் பக்கம் தறி ஓடும் ஊர் ஒன்றில் ஒரு பெண்பிள்ளை. (பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன், அடையாளம் தரும் சிலவற்றை மாற்றியும் இருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் பிரிவு 74-இன்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.) வளர்க்கிற அம்மா நல்லவர். "என்ற பொண்ணாட்டத்தானுங்க மேடம் பாத்துக்கறேன்" என்றார். அதில் பொய்யே இல்லை. ஆனால் நான் பிள்ளையிடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தனியாகப் பார்த்தபோதுதான் அவள் வாய் திறந்தாள். "எங்கம்மாவப் பாக்கோணுமுங்க அக்கா. இவங்க மனசு நோகுமோன்னு நான் கேக்கலீங்க."

பெற்ற தாய் ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறார். பிரிவு 44-இன்படி, பிள்ளையின் நலனுக்கு ஆகாது என்று குழந்தைகள் நலக் குழு (இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) கருதினாலொழிய, பெற்றோர் இடையிடையே வந்து பார்க்கலாம். இதைச் சொன்னதும் வளர்ப்புத்தாய் கலங்கிவிட்டார். "அந்தம்மா வந்து வந்து போனா புள்ள மனசு இங்க நிக்குமுங்களா?" அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் அவருடைய பயத்துக்காகப் பிள்ளையின் உரிமையை ஒதுக்கவும் முடியாது. குழு அமர்வில் பெரியவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, உறுப்பினர்கள் அவளிடம் மட்டும் பேசினார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாய் வந்து பார்க்கலாம் என்று ஆணை வந்தது.

ஆணை வேறு மாதிரி வந்திருந்தாலும் அத்தோடு முடிந்துவிடாது. வளர்ப்புப் பராமரிப்பு பற்றிய குழுவின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். இது தெரிந்த வளர்ப்புக் குடும்பத்தை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்வாரே இல்லை.

பையன்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. முழுப்பரீட்சை லீவில் பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்கு, அதாவது தையல்காரருக்கு உதவும் வேலைக்கு, போவது இங்கே சகஜம். சனிக்கிழமை வாங்கும் சம்பளம் பிள்ளை கையில் இருக்கிறதா, வீட்டுச் செலவுக்குப் போகிறதா என்று நான் கேட்பேன். கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஒரு குழந்தையின் சம்பாத்தியத்தை, வேலைக்கு வைத்தவர் பிடித்துவைப்பதும் தன் காரியத்துக்கு எடுத்துக்கொள்வதும் பிரிவு 79-இன்படி ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். வீட்டைப் பொறுத்தவரை, வளர்ப்புக் குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வருவதே பிள்ளையின் செலவுக்காகத்தான்.

என்னை அதிகம் உறுத்துவது பதினெட்டாவது பிறந்த நாள். குழந்தைகள் இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைக்குப் பிற்காப்பு என்று ஒன்று உண்டு. 21 வயது வரை தங்கும் இடம், படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு அதன்மூலம் உதவி கேட்கலாம். ஆனால் பிரிவு 46 இல்லத்திலிருந்து போகிறவர்களைத்தான் குறிப்பிடுகிறது. குடும்பத்தில் வளர்ந்த பிள்ளையை அது சொல்லவில்லை. இல்லத்தைவிடக் குடும்பமே நல்லது என்று நாமே ஒரு வீட்டில் கொண்டுபோய் விடுகிறோம். அந்த வீடு பதினெட்டோடு கைவிட்டால் அவன் எங்கே போவான்? இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும். பிற்காப்பு வளர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உண்டு என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதினாறு முடிந்ததும் பிள்ளையின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை (ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே எழுதிவைக்கும் திட்டம்) எடுத்து, பதினெட்டுக்குப் பிறகு எங்கே தங்குவது, கல்லூரிக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று பிள்ளையையே கேட்டு எழுதுகிறோம். ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்புக் எல்லாம் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் கையில் இருக்கின்றனவா என்று பார்க்கிறோம். சாதிச் சான்றிதழுக்குத்தான் அலைச்சல் அதிகம். பெற்றோரின் சான்று எங்கே என்று கேட்பார்கள். அதனால் அந்த மனுவை மட்டும் பதினைந்து வயதிலேயே போட்டுவிடச் சொல்கிறேன்.