உரக்கிடங்கில் படித்த பாடம்

சுற்றுச்சூழல் கல்வி எங்கள் கல்லூரியில் எல்லாத் துறைக்கும் கட்டாயத் தாள். 1991இல் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து வந்த ஏற்பாடு இது. முதல் நாள் இரவு புரட்டினால் போதும், தேறிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்தத் தாளின் மேல் மரியாதை வந்தது, கோடை விடுமுறையில் நகராட்சி உரக்கிடங்கு ஒன்றில் களப்பயிற்சிக்குப் போனபோது.

காலையில் பேட்டரி வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். மக்கும் குப்பையை மேடையில் கொட்டிக் கிளறி, அரவை இயந்திரத்தில் போட்டு, சாணிக் கரைசல் தெளித்துத் தொட்டியில் நிரப்ப வேண்டும். கோடை என்பதால் மாங்கொட்டை, தர்பூசணித் தோல், நுங்குக் கூந்தல் எல்லாம் மலையாகக் குவியும். முகூர்த்த நாளுக்கு மறுநாள் என்றால் முழுக்க எச்சில் வாழை இலைதான்.

கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் குப்பை நன்றாக மட்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அங்கே பல வருடமாக வேலை பார்க்கும் ஒரு அக்கா அந்தக் கணக்கைக் கையிலேயே வைத்திருந்தார். தர்பூசணித் தோல் அதிகமாக வந்த அன்று, "இது சும்மா தண்ணி தம்பி, சருகு போடு" என்று ரெண்டு கூடை காய்ந்த இலையைக் கொட்டச் சொன்னார். ஈரம் மிஞ்சினால் உள்ளே காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும், நாற்றம் எடுக்கும், மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் சூடேற்றக்கூடிய வாயு அது. பருவநிலை மாற்றம் என்று துருவக் கரடிப் படம் போட்டுக் காட்டுவதைவிட அந்த ரெண்டு கூடைச் சருகு எனக்கு நிறையப் புரியவைத்தது.

தொட்டிக்குள் கம்பியை விட்டு, சிறிது நேரம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். "சுட்டாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்பார்கள். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு சில நாள் நிலைத்தால் நோய்க்கிருமியும் களை விதையும் செத்துவிடும். இளநீர் மட்டை மட்டும் எதற்கும் மசியாது, அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

ஆனால் இந்த அறிவியல் எல்லாம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. பிரிப்பது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெளிவாகச் சொல்லியிருந்தன. வருவது என்னவோ, முடிச்சுப் போட்ட கவருக்குள் சோறு, டயப்பர், உடைந்த பல்பு, இன்சுலின் ஊசி, எல்லாம் ஒன்றாக. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்து தடை. அந்தக் கவர்களைத்தான் அவர்கள் தினமும் அவிழ்க்கிறார்கள். கையுறை போட்டிருந்தாலும் ஊசி துளைத்துவிடும். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. படித்தவர்கள் நிறைய இருக்கும் தெருக்களிலிருந்தும் அதே கவர்கள்தான் வந்தன.

நிலைத்த வளர்ச்சி என்றால் என்ன என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள். வரையறையை நானும் எழுதியிருக்கிறேன். அதோடு சேர்த்து ஒவ்வொரு மாணவரும் கொஞ்ச நாளாவது பிரிப்பு மேடையில் நிற்க வேண்டும், அந்த அக்கா மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பாடம் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று என் பயிற்சி அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.

ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் உரம் தயாராகும். சலித்தால் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். வாங்க வரும் விவசாயிகள் விலையை அப்புறம்தான் கேட்பார்கள். முதலில் ஒரு பிடி அள்ளி, விரலால் கிளறி, கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பார்கள்.