பின்னோக்கு நிதிக்காக எங்கள் லைப்ரரியின் தாக்கத்தை அளந்த அனுபவம்

பிளாக்செயினில் இயங்கும் நிரலான ஸ்மார்ட் ஒப்பந்தத்தை எழுதுவோர் தங்கள் நிரலில் இணைத்துக்கொள்ளும், சாலிடிட்டி மொழியில் அமைந்த சிறிய லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பராமரித்து வருகிறேன். அதற்காகப் பின்னோக்கு நிதி, அதாவது ஏற்கெனவே பயன் தந்த பணிக்குப் பின்னர் வழங்கப்படும் நிதி, கோரி விண்ணப்பித்தபோது, எங்கள் பணியால் விளைந்த தாக்கம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்ற ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே பெரும்பாலான உழைப்பு சென்றது. இதே நிலையில் இருக்கும் பராமரிப்பாளர்களுக்கு உதவக்கூடும் என்பதால் அதை இங்கே பதிவு செய்கிறேன்.

எது பயன்படப்போகிறது என்று கணிப்பதைவிட, எது பயன்பட்டது என்பதில் உடன்படுவது எளிது என்ற கருத்தை 2021இல் எத்தீரியம் பிளாக்செயினின் மேல் இயங்கும் ஆப்டிமிசம் சங்கிலியின் குழுவும் எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரினும் முன்வைத்தனர். ஆப்டிமிசம் நடத்திய பின்னோக்கு நிதியின் 3ஆம் சுற்றில் 501 திட்டங்களுக்கு அதன் சொந்த டோக்கனான ஓபி 3 கோடி பகிரப்பட்டது. அத்தனை திட்டங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து மதிப்பிடுவது வாக்களிப்போருக்குப் பெருஞ்சுமை என்பதால், 2024இல் நடந்த 4ஆம் சுற்றில் திட்டங்களுக்குப் பதிலாக அளவீடுகளுக்கு வாக்களிக்கும் முறை வந்தது. நாங்கள் விண்ணப்பித்த திட்டமும் எண்களையே கேட்டது.

நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் களஞ்சியம் எங்களுடையதுதான் என்பதை மெய்ப்பிக்கும் படி விரைவில் முடிந்தது. அடுத்து கிட்ஹப் எண்களைத் திரட்டினோம். கமிட் (நிரலில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றம்) எண்ணிக்கையை நாங்கள் முன்னிறுத்தவில்லை. பல கமிட்டுகளை ஒன்றாக்கி இணைக்கும் குழுவுக்கு எண் குறையும், சார்புகளை (தாங்கள் சார்ந்திருக்கும் பிற லைப்ரரிகளை) தானாகப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்களை அனுமதிக்கும் குழுவுக்கு எண் கூடும். லைப்ரரிகளைப் பகிரும் என்பிஎம் தளத்தின் பதிவிறக்க எண்ணிக்கையும் அப்படித்தான்: தானியங்கிச் சோதனைச் சேவையகம் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் தொகுப்பைப் புதிதாக இறக்கினால், ஒரே பயனர் பல பயனர்களாகத் தெரிவார். நிலைபெற்ற ஒரு லைப்ரரியில் மாற்றம் குறைவாக இருப்பது நல்ல அறிகுறி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் செயல்பாட்டை எண்ணும் அட்டவணை அதைக் கைவிடப்பட்ட திட்டத்துக்கு அருகில்தான் வைக்கிறது.

உண்மையான சிக்கல் பிளாக்செயினில் இருந்தது. சாலிடிட்டி லைப்ரரியின் உள்நிலைச் செயற்கூறுகள், அவற்றைப் பயன்படுத்தும் ஒப்பந்தத்தின் பைட்கோடுக்குள்ளேயே (பிளாக்செயினில் இயங்கும் இயந்திர வடிவம்) கலந்துவிடுகின்றன. எங்களுக்கென்று தனி முகவரி இல்லாததால், ஒரு செயலியின் பரிவர்த்தனைகளை எண்ணுவதுபோல் எங்கள் பயன்பாட்டை நேரடியாக எண்ண வழியில்லை. இதற்கு விடை, மூலநிரலைப் பைட்கோடாக மாற்றும் கம்பைலர் உருவாக்கும் மெட்டாடேட்டாவில் (நிரல் பற்றிய விவரக் குறிப்பு) கிடைத்தது. ஒப்பந்தத்தைக் கம்பைல் செய்யும்போது உருவாகும் மெட்டாடேட்டா கோப்பில், அதில் சேர்ந்த ஒவ்வொரு மூலக்கோப்பின் கெச்சாக்256 ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு) பதிவாகிறது. எங்கள் வெளியீடுகள் அனைத்தின் கோப்புகளுக்கும் ஹாஷ் கணக்கிட்டு, மூலநிரலும் ஒப்பந்தமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் சோர்சிஃபை சேவை திறந்த தரவாக வழங்கும் சரிபார்க்கப்பட்ட ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டபோது, எங்களை ஒருபோதும் தொடர்புகொள்ளாத குழுக்களின் ஒப்பந்தங்களிலும் எங்கள் கோப்புகள் அப்படியே இருப்பதைக் கண்டோம். பல ஆண்டுகளாக யாருக்காக எழுதுகிறோம் என்று சரியாகத் தெரியாமல் எழுதிவந்த எங்களுக்கு அந்தப் பட்டியல் தந்த நிறைவு பெரிது.

இந்த முறையின் எல்லைகளையும் விண்ணப்பத்திலேயே எழுதினோம். மூலநிரல் சரிபார்க்கப்படாத ஒப்பந்தங்கள் கணக்கில் வரமாட்டா. கோப்பில் ஒரு குறிப்புரையை மாற்றினாலே ஹாஷ் மாறிவிடும் என்பதால், நகலெடுத்துத் திருத்தியவர்களும் விடுபடுவார்கள். மறுபக்கம், கோப்பு சேர்க்கப்பட்டிருந்தாலும் அதிலுள்ள செயற்கூறு அழைக்கப்படாமலே இருக்கலாம். ஆகவே அழைப்பு இருப்பதை மூலநிரலில் உறுதிசெய்த ஒப்பந்தங்களை மட்டும் தனியே காட்டினோம்.

அந்த ஒப்பந்தங்களில் செலுத்தப்பட்ட பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. பணம் செலவழியும் என்பதால் பரிவர்த்தனை எண்ணிக்கையைவிடக் கட்டணத்தைச் செயற்கையாக உயர்த்துவது கடினம் என்பது ஒரு தரப்பு. 2024 மார்ச் 13 அன்று எத்தீரியத்தில் டென்கன் மேம்பாடு நடைமுறைக்கு வந்தபின் ஆப்டிமிசம் போன்ற, எத்தீரியத்தின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குச் சங்கிலிகளில் கட்டணம் பெருமளவு குறைந்தது; அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் கட்டணத்தை ஒப்பிட்டால், பயன்பாடு பெருகிய திட்டமும் தாக்கம் இழந்ததாகத் தோன்றும் என்பது மறுதரப்பு. நான் இரண்டாம் தரப்பில் இருந்தேன். கடைசியில் கட்டணத்தைக் காலம் வாரியாகப் பிரித்துத் துணைத் தகவலாக மட்டுமே கொடுத்தோம். ஒரு செயலியின் மதிப்பில் எங்கள் பங்கு இத்தனை விழுக்காடு என்று எங்கும் எழுதவில்லை. பல சார்புகள் சேர்ந்து தாங்கும் ஒன்றில் தன் பங்கைத் தானே நிர்ணயிப்பது நேர்மையாகாது என்று கருதினோம்.

எண்ணில் அடங்காத பணிக்கு வேறு வழி தேடினோம். பாதுகாப்புக் குறைபாடு ஒன்றை வெளியே தெரியும் முன்பே திருத்தியிருந்தோம். நடக்காத இழப்பை எந்த அட்டவணையும் காட்டாது. ஆகவே பட்டியலில் கிடைத்த குழுக்கள் சிலவற்றுக்கு எழுதி, எங்கள் லைப்ரரி இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டோம். சிலர் வேறொரு லைப்ரரியை எளிதாக எடுத்திருப்போம் என்றார்கள். சிலர் தாங்களே எழுதித் தணிக்கைக்கும் செலவிட்டிருக்க வேண்டும் என்றார்கள். இரு வகைப் பதில்களையும் அவர்களின் ஒப்புதலோடு இணைத்தோம். நான்கு வரிகளில் வந்த ஒரு பதில், எங்கள் எண்கள் அனைத்தையும்விடத் தெளிவாக எங்கள் பணியின் இடத்தைச் சொன்னது.

மதிப்பீட்டாளர்கள் எங்கள் ஸ்கிரிப்டைத் தாங்களே இயக்கிப் பார்த்து, சோதனைச் சங்கிலி (உண்மைப் பணமின்றிச் சோதிப்பதற்கான பிளாக்செயின்) ஒப்பந்தங்கள் எப்படி நீக்கப்பட்டன என்று கேட்டார்கள். வடிகட்டும் விதியை விளக்கிய பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கிடைத்த நிதியைப் பிரித்தபோது, நிரல் எழுதியவர்களுக்குக் கொடுத்ததற்கு இணையாக, பயனர்களின் புகார்களைத் தொடர்ந்து படித்து வகைப்படுத்தியவருக்கும் ஒதுக்கினோம். இப்போது ஒவ்வொரு வெளியீட்டோடும் அதன் கோப்புகளின் ஹாஷ் பட்டியலையும் வெளியிடுகிறோம். அடுத்த முறை கணக்கெடுப்பவர் நாங்களாக இல்லாவிட்டாலும் அந்த வேலையை உடனே தொடங்கலாம்.