ஐந்து கிராம் பெரிக்

என்னிடம் நகைத் தராசு ஒன்று இருக்கிறது. 0.1 கிராம் வரை காட்டும். அதை வாங்கி வந்த அன்று, மகளுக்கு ஏதோ செய்யப் போகிறேன் என்று வீட்டில் ஒரே சந்தோஷம். மறுநாள் காலை மொட்டைமாடியில் செய்தித்தாளை விரித்து நான் புகையிலையை நிறுத்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, போயிலையைப் போய் யாராவது தங்கத் தராசுல வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு மனைவி கீழே இறங்கிப் போய்விட்டாள்.

வைத்துத்தான் ஆகவேண்டும். பைப் கலவையில் சேர்க்கிற பெரிக் என்ற புகையிலையைக் கண்ணளவில் அள்ளிப் போட்டு ஒரு முறை கெடுத்துக்கொண்டவன் நான்.

31 வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியர் வேலை. பைப் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடிக்கே திரும்பிவிட்ட பிறகு சனிக்கிழமை சாயங்காலம் பைப்பில் ஒரு கிண்ணம் புகையிலை, அவ்வளவுதான். டாக்டர் அதையும் விடச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான், என்னைப் பார்த்து யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். உண்மையில் எனக்கு இப்போது புகைப்பதைவிடக் கலப்பதில்தான் ருசி. கலந்து, பாட்டிலில் அடைத்து, மாதத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்தாலே போதும்.

பைப் கலவையில் பெரும்பங்கு வர்ஜீனியா அல்லது பர்லி என்ற புகையிலை வகை இருக்கும். அதுதான் சோறு. வர்ஜீனியாவைச் சூடேற்றிய அறையில் ஒரு வாரத்துக்குள் உலர்த்திவிடுகிறார்கள். அதனால் இலையிலுள்ள சர்க்கரை அப்படியே தங்கிவிடும். புகை இனிக்கும், ஆனால் அவசரமாக இழுத்தால் நாக்கு வெந்துபோகும். பர்லி கொட்டகையில் தொங்கி வாரக்கணக்கில் காற்றிலேயே காய்வது. காய்வதற்குள் இலை தன் சர்க்கரையை எல்லாம் தானே தின்று தீர்த்துவிடும். அதில் இனிப்பு கிடையாது, வறுத்த கடலை போல ஒரு மொறுமொறுப்பான வாசனைதான். இந்தச் சோற்றின் மேல் சிறிய அளவில் சேர்வதைத்தான் காண்டிமென்ட் இலை என்கிறார்கள். தொடுகறி என்று சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. தொடுகறியை வேண்டாமென்றால் இலையோரம் ஒதுக்கிவிடலாம். இது கலந்தால் கலந்ததுதான். எங்கள் பக்கத்து வழக்கில் காயம் என்று சொன்னால் சரியாக இருக்கும். சாம்பாரில் காயம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இல்லாவிட்டால்தான் "என்னமோ குறையுதே" என்பார்கள்.

பெரிக்கை அது பிறக்கிற இடத்திலேயே பார்க்கிற யோகம் எனக்கு வாய்த்தது. அமெரிக்காவின் லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸுக்கும் பேட்டன் ரூஜுக்கும் நடுவே, மிசிசிப்பிக் கரையில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்று ஒரு வட்டாரம். அங்குள்ள கான்வென்ட் என்ற ஊரில் தானியம் ஏற்றக் காத்துக்கிடந்தோம். மழை பெய்தால் சரக்கறையின் வாயான ஹேட்ச்சை மூடிவிடுவார்கள், ஏற்றுவது நின்றுவிடும். அப்படி நின்ற ஒரு நாளில், எங்களைக் கடைக்குக் கூட்டிப்போக வந்த வேன் டிரைவர் என் சட்டைப் பையில் பைப்பைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் இலை தெரியுமா?" என்று கேட்டார். அவருடைய சித்தப்பா அந்த வேலையில் இருந்தவராம். கடைக்குப் போகும் வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்.

தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. உள்ளே பழைய விஸ்கி பீப்பாய்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மரக்கட்டை, அதன் மேல் ஆளுயரத்துக்குத் திருகு ஜாக்கி. பட்டறையில் பிறந்து வளர்ந்த எனக்கு இலையைவிட முதலில் கண்ணில் பட்டது அந்த ஜாக்கிதான். காய்ந்த இலையை லேசாக நனைத்து, நடுநரம்பைக் கையால் உரித்தெடுத்து, வைக்கோல் பிரி மாதிரி திரித்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கட்டுகளாக்கிப் பீப்பாயில் அடுக்குகிறார்கள். அப்புறம் ஜாக்கியைத் திருகி இறுக்குகிறார்கள். இலையின் சாறு மேலே பொங்கி வந்து மூடிக்கொள்ளும். காற்று உள்ளே போக வழியில்லை, புளிக்க ஆரம்பித்துவிடும். குறைந்தது ஒரு வருடம் அப்படியே இருக்கும். நடுவில் மூன்று தடவையாவது இறக்கி, பிரித்து, கொஞ்சம் காற்றுக் காட்டித் திரும்பவும் அடுக்கி இறுக்குவார்கள்.

நாங்கள் போன நேரம் ஒரு பீப்பாயை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜாக்கி தளர்ந்ததும், விளிம்பு வரை நின்ற கறுப்புச் சாறு மெல்ல மெல்ல இலைக்குள்ளேயே இறங்கிப் போனதைப் பார்த்தேன். பிழிந்த பஞ்சு திரும்ப உறிஞ்சுவது போல. அந்த வாசனை எனக்குப் புதிதே இல்லை. எங்கள் ஆச்சி வீட்டு அடுப்படியில், உப்புப் போட்டு அடைத்து வைத்த பழம்புளி ஜாடியைத் திறந்தால் வருமே, அதேதான். கூடவே கொஞ்சம் பேரீச்சை, கொஞ்சம் வினிகர். மற்றவர்கள் பிளம் என்கிறார்கள், அத்தி என்கிறார்கள். எனக்கு ஆச்சியின் ஜாடிதான்.

இந்த முறையை 1824இல் பியேர் ஷெனே என்ற விவசாயி தொடங்கினார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. அதற்கு முன்பே சாக்டா, சிக்கசா பழங்குடியினர் அந்த மண்ணில் இந்தப் புகையிலையைப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள். கிளம்பும்போது டிரைவரின் சித்தப்பா கைப்பிடி இலையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "தனியாகப் பிடிக்காதே" என்றார். சொன்னால் கேட்கிற வயசா அது? கேபினுக்கு வந்ததும் பைப்பில் நிறைய அடைத்துத் தனியாகவே பற்றவைத்தேன். நாலு இழுப்பில் மூக்குக்குள் மிளகுப்பொடி. பத்தாவது இழுப்பில் விக்கல். இரவு எட்டு மணி வாட்ச் டியூட்டிக்கு விக்கிக்கொண்டேதான் இறங்கினேன். ஜூனியர் பையன் ஒருவன், "சார், வீட்ல உங்களை நினைக்கிறாங்க" என்றான்.

லட்டாக்கியா என்ற இலையின் விஷயம் வேறு. எங்கள் கிரேக்க கேப்டன் அதை அள்ளிப் போட்ட கலவையைத்தான் பிடிப்பார். கப்பலை ஓட்டுகிற மேல்தளத்து பிரிட்ஜில் அவர் பைப்பைப் பற்றவைத்தால் எனக்குத் தோணித்துறை ஞாபகம் வந்துவிடும். தோணிக்குப் பூசக் குங்கிலியம் காய்ச்சும்போது எழுகிற அந்தப் புகை. சிரியாவின் துறைமுகப் பெயரைத் தாங்கிய இலை இது. ஆனால் இப்போது டப்பாக்களில் இருப்பதெல்லாம் சைப்ரஸ் மரபில் வந்தது. ஸ்மிர்னா வகைச் சின்ன இலையை வெயிலில் காயவைத்துவிட்டு, பிறகு மஸ்திக், மிர்ட்டில், பைன் என்று விறகுகளை மூட்டிப் புகையில் ஊறவிடுகிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று ஒரு பிசின் விற்பார்களே, அதைத் தருகிற செடியின் இனம்தான் மஸ்திக். குங்கிலிய ஞாபகம் சும்மா வரவில்லை.

லட்டாக்கியாவைக் காண்டிமென்ட் பட்டியலில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கிலீஷ் மிக்ஸ்சர் என்று பெயர்பெற்ற கலவைகளில் அது 40 சதவீதம் வரைகூடப் போகும். அது காயம் இல்லை, கருவாடு. கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் எத்தனை போட்டாலும் அது கருவாட்டுக் குழம்புதான். ஆனால் 5 சதவீதத்தில் நிறுத்திப் பாருங்கள், காயத்தின் வேலையைச் செய்யும். புகை வாசனை தனியாகத் தெரியாது. வர்ஜீனியாவின் இனிப்புக்கு அடியில் ஒரு கனம் மட்டும் வந்து உட்காரும்.

லட்டாக்கியாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவில் சத்தமில்லாமல் வேலை பார்ப்பது ஓரியண்டல் இலைகள். இஸ்மிர், சாம்சுன், பாஸ்மா என்று துருக்கி, கிரேக்கப் பக்கத்துச் சிறிய இலைகள், வெயிலில் காய்ந்தவை. தனியாகப் பிடித்தால் பெரிதாக ஒன்றுமில்லை, லேசான புளிப்பும் காய்ந்த புல் வாசனையும். ஆனால் அது இல்லாத கலவையில் லட்டாக்கியா ஒரு பக்கம், வர்ஜீனியா ஒரு பக்கம் என்று முறைத்துக்கொண்டு நிற்கும். வறுத்து அரைத்த மல்லி குழம்பைச் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி இது இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. கென்டக்கி பற்றி ஒரு வரி போதும்: ஓக், ஹிக்கரி விறகின் கங்கு மேல் தொங்கவிட்டுப் புகைபோட்ட கறுத்த இலை, நிகோட்டின் அதிகம், வெறும் வயிற்றில் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மெல்லும் போயிலைக்குத் தேங்காய் மட்டையில் புகை போடுவதும் ஏறக்குறைய இதே காரியம்தான்.

சரி, நான் கெடுத்த கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற வருடம், கையில் நேரம் நிறைய. சிவப்பு வர்ஜீனியா ஒரு கை, பெரிக் ஒரு பிடி என்று கண்ணளவில் 50 கிராம் கலந்தேன். பிடித்துப் பார்த்தால் ஒரே காரம், வர்ஜீனியா இருந்த இடமே தெரியவில்லை. மிச்சமிருந்த இலையின் எடையைக் கழித்துக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது, பெரிக் மட்டும் 12.5 கிராம் போயிருக்கிறது. கால்வாசி! அந்த பாட்டிலைப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோனேன். தராசு வாங்கியது அதற்கு அடுத்த வாரம்.

பதினொரு மாதம் கழித்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அது உருண்டு வந்தது. திறந்தேன். மிளகுக் காரம் அடங்கி, பழம்புளி வாசனையும் வர்ஜீனியாவின் வைக்கோல் வாசனையும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. பற்றவைத்தால் அப்போதும் மிஞ்சித்தான் நின்றது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பழைய ஊறுகாயை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். புதிதாக 75 கிராம் வர்ஜீனியாவை நிறுத்து அதன்மேல் கொட்டிக் கையால் பிசிறிவிட்டேன். 125க்கு 12.5, சரியாகப் பத்து சதவீதம். மூன்று வாரம் மூடி வைத்துவிட்டுப் பிடித்தபோது நாக்கு வேகவே இல்லை, காரமும் தனியாகத் தெரியவில்லை. வர்ஜீனியாதான் முன்பைவிட இனித்தது.

இப்போதெல்லாம் 50 கிராமுக்கு 5 கிராம் பெரிக். சில சமயம் 4. லட்டாக்கியா சேர்க்கிற நாளில் 2.5 கிராம், ஓரியண்டல் ஒரு 8 கிராம், மீதி வர்ஜீனியா. லண்டனில் ட்யூக் தெருவில் 1907இல் கடை திறந்த ஆல்ஃபிரட் டன்ஹில், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பிடித்த கலவையை எண் போட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தாராம். என் பதிவேடு கப்பலிலிருந்து கொண்டுவந்த பழைய லாக் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். இதுவரை 23 எண்கள். 14ஆம் எண்ணுக்கு எதிரே மட்டும் என் மனைவியின் கையெழுத்தில் "இது பரவாயில்லை" என்று இருக்கிறது. அதில் லட்டாக்கியா கிடையாது.