ரைஸும் ரெய்ஸும் பிடிபட்ட கதை

வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வில் இங்கிலீஷுக்கு 30 கேள்வி, 20 நிமிஷம். தப்பு விடைக்குக் கால் மார்க் போகும். மாதிரித் தேர்வுகளில் என்னைக் கவிழ்த்தது ஒன்றைப்போல் ஒன்று இருந்து குழப்புகிற இங்கிலீஷ் ஜோடிச் சொற்கள்தான். ரைஸா ரெய்ஸா, லையா லேயா என்று யோசிப்பதற்குள் நேரம் ஓடிவிடும்.

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து நோட்டு நிறைய எழுதி மனப்பாடம் செய்தேன். மறுவாரமே பாதி மறந்துவிட்டது.

ஒருநாள் காலையில் அடுக்களையிலிருந்து ஆச்சி குரல்: "அவன் எந்திச்சிட்டானா? இல்லேன்னா எழுப்பி விடுட்டீ." படுத்தபடியே சிரித்துவிட்டேன். எழு என்றால் ரைஸ், எழுப்பு என்றால் ரெய்ஸ். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினை! சூரியன் தானே எழும். கையை நாம்தான் உயர்த்த வேண்டும். கிட என்றால் லை, கிடத்து என்றால் லே. நினை என்றால் ரிமெம்பர், நினைவூட்டு என்றால் ரிமைண்ட். பிரிங், டேக் இரண்டும் நம்ம கொண்டா, கொண்டு போ. நோட்டில் பாதியை அடித்துவிட்டேன்.

லையில் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் இறந்தகாலமும் லேதான். நேற்று நான் படுத்தேன் என்றால் லே, பையைக் கீழே வைத்தேன் என்றால் லெய்ட். இதற்கு ஆச்சியும் உதவ முடியாது.

அடுத்த வகை காது சம்பந்தப்பட்டது. தமிழில் எழுதினால் இரண்டுமே லூஸ்தான். ஒற்றை ஓ போட்டால் இழப்பது, கடைசியில் வண்டு மாதிரி இசட் ஒலி வரும். இரட்டை ஓ போட்டால் தொளதொள. நம் ஊரில் ஆளைத் திட்டுகிற லூஸும் அதுதான். இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை என்று ஒரு வேலைக்கு எழுதியபோது இரட்டை ஓ போட்டு அனுப்பியிருக்கிறேன். பதிலே வரவில்லை. அட்வைஸிலும் இதே கதை: சி போட்டால் அறிவுரை, எஸ் போட்டால் அறிவுரை சொல்வது. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் வினைச்சொல்லுக்குத்தான் கடைசி ஒலியிலும் அதிரும். நூலகத்தில் இதைச் செய்தபோது எதிரே இருந்த அண்ணாச்சி, "தொண்டை வலியா தம்பி?" என்று கேட்டார்.

அஃபெக்ட், எஃபெக்ட் குழப்பத்துக்கு 2023 டிசம்பர் வெள்ளத்தை எழுதி வைத்தேன். வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷனைப் பாதித்தது, அஃபெக்ட். அதன் பாதிப்பு, எஃபெக்ட். எஃபெக்ட் எப்போதாவது வினையாகவும் வரும், ஆனால் தேர்வுக்கு இது போதும்.

தேர்வில், கட்டிலில் படுத்தான் என்கிற இடத்தில் லெய்ட் போட்டு ஒரு பிழை கண்டுபிடிக்கிற கேள்வி வந்தது. சட்டென்று பிடித்துவிட்டேன். அடுத்த கேள்வியில் பிசைட், பிசைட்ஸ். அதைத் தொடாமல் விட்டுவிட்டேன்.