காதுக்கு வந்து சேராத தமிழ்

சென்ற மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வேர்டு கோப்புதான். அதைத் திறந்து கீழ்நோக்கு அம்புக்குறியை அழுத்தியதும், திரையில் உள்ளதை எனக்குக் குரலில் படித்துக்காட்டும் என் கணினி ஆங்கில எழுத்துகளைக் கொத்துக் கொத்தாக உளறத் தொடங்கியது. ஒரு சொல்லில் நிறுத்தி, வலப்பக்க அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து கேட்டேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி எழுத்துருவோடு பழகியவர்களுக்கு இது என்னவென்று உடனே விளங்கிவிடும். அந்தச் சொல் 'தமிழ்'.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜே இருக்கவேண்டிய இடத்தில் 'த', கே இருக்கவேண்டிய இடத்தில் 'ம', அடுத்து இகரக் கொக்கி, பிறகு 'ழ', செமிகோலனின் இடத்தில் புள்ளி. பார்க்கிறவருக்கு அது அழகான தமிழ். கணினிக்கோ தான் வைத்திருப்பது தமிழ் என்பதே தெரியாது. பார்வையற்ற நாங்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, கணினி அந்த எழுத்துக்கு வைத்திருக்கும் குறியெண்ணை வாங்கித்தான் ஒலியாக்குகிறது. குறியெண் ஆங்கிலத்துக்குரியதாக இருந்தால் வெளியே வருவதும் ஆங்கிலமாகவே இருக்கும்.

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். அரசுப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணிபுரிகிறேன். எழுத்தறிந்தது பிரெய்லியில். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லியில் 'கெ' என்று எழுத முதலில் ககரத்தின் புள்ளிகள் வரும், பிறகு எகரத்தின் புள்ளிகள் வரும். வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் படிக்கும். அச்சில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது என்பதை விடுதியில் என்னோடு படித்த குறைப்பார்வை நண்பன் ஒருவன் என் உள்ளங்கையில் வரைந்து காட்டியபோதுதான் அறிந்தேன். ஒலிப்பதற்குப் பின்னால் வருவதை ஏன் முன்னால் எழுதவேண்டும் என்று நெடுநாள் வியந்திருக்கிறேன்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி அந்த வியப்பிலிருந்து வந்தது. 'கொ' என்பதில் கண்ணுக்கு ககரத்தின் இருபுறமும் குறிகள் தெரிந்தாலும், ஒருங்குறி முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும் சேமிக்கிறது. பாமினியில் அதே எழுத்து கொம்பு, ககரம், கால் என்று கண் பார்க்கும் வரிசையில் கிடக்கும். ஆக, ஒருங்குறியின் வரிசையும் என் பிரெய்லியின் வரிசையும் ஒன்றே, காது கேட்கும் வரிசை. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரநிலையாக அறிவித்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பாமினிக் கோப்பு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

ஏனென்றால் கோப்பைப் படிக்கும் கருவி இன்று எட்டாத பொருளாக இல்லை. ஒரு காலத்தில் நல்ல திரைவாசிப்பான் வாங்குவதற்குக் கணினியின் விலையைவிட அதிகம் செலவழிக்கவேண்டியிருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரும், சிறுவயதிலிருந்தே அவருக்குத் தெரிந்த, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேவும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். யாரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம், அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது. அதனோடு வரும் ஈஸ்பீக் என்ஜி என்ற ஒலிப்பொறிக்குத் தமிழும் தெரியும். அந்தக் குரல் தகரத்தில் தட்டியதுபோல் இருக்கிறது என்று புதிதாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மனிதக் குரலைப் பதிவு செய்து ஒட்டாமல் கணக்கின் வழியே ஒலியை உருவாக்குவதால் அப்படி இருக்கிறது. அதே காரணத்தால்தான் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அது குழைவதில்லை.

விதிப்படி தமிழைப் படிக்கும் குரல்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம். மெல்லினத்தின் பின் வந்தால் அது மெலிந்து ஒலிக்கும், சொல்லின் முதலில் வந்தால் வலிந்து ஒலிக்கும். 'காந்தி' என்பதில் 'தி' சரியாகவே மெலியும், முதலில் நிற்கும் 'கா'வோ காக்கையின் 'கா'வாக வரும். 'பாரதி'யும் அப்படித்தான். இவற்றுக்கு நாங்கள் பழகிக்கொண்டோம்.

இப்போது எல்லோரும் பேசுவது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. டென்மார்க்கில் பிறந்து 2015இல் வெளிவந்த பி மை ஐஸ் செயலி, பார்வையற்றவரைக் காணொளி அழைப்பில் ஒரு தன்னார்வலரோடு இணைத்தது. 2023இல் அதே செயலியில் படத்தை விவரிக்கும் பொறியும் வந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது மருந்து அட்டையைப் படித்துக்காட்ட ஒருவரைத் தேடவேண்டியதில்லை என்பதன் அருமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கட்டுரையைப் படமெடுத்து, இத்தகைய செயலி ஒன்றிடம் கொடுத்தேன். பிழையே இல்லாமல் வாசித்தது. பக்கத்திலிருந்த சக ஆசிரியை நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, பையன் 'பல்லிக்குச் சென்றேன்' என்றல்லவா எழுதியிருக்கிறான்" என்றார். பொறி அதைப் 'பள்ளி' என்று தானாகவே திருத்தி வாசித்திருக்கிறது. பிழையைக் கண்டுபிடிப்பதே வேலையாக உள்ளவனுக்கு, பிழையை மறைத்துவிடும் உதவியாளரால் என்ன பயன்? உள்ளதை உள்ளபடி படிப்பதில் திரைவாசிப்பானுக்கு இணை இன்னும் வரவில்லை. அதன் கையில் சரியான எழுத்து போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.

இதை யாரோ செய்யும் சலுகையாகக் கேட்கவேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. எல்லாத் தகவலும் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகிறது. வங்கிகளும் பிறரும் இணையவழியில் ஆளை அடையாளம் காணும்போது கண் சிமிட்டச் சொல்வதை எதிர்த்து, அமில வீச்சால் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூனும் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், எண்ம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுற்றறிக்கையை எழுத்துரு மாற்றியில் ஒட்டி ஒருங்குறியாக்கிப் படித்தேன். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்குப் பயிற்சி வகுப்பு என்றிருந்தது. தட்டச்சு செய்தவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். இருபது ஆண்டுகளாகப் பாமினியில் பழகிய விரல்களை இனி மாற்ற முடியாதே, சார் என்று அவர் தயங்கினார். விரலை மாற்றவே வேண்டாம், அதே பாமினி விசையமைப்பில் தட்டினால் ஒருங்குறியாக எழுதித் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன என்று சொல்லி, நிறுவும் முறையையும் அனுப்பிவைத்தேன்.

அடுத்த சுற்றறிக்கை ஒருங்குறியில்தான் தட்டச்சாகியிருந்ததாம். ஆனால் அதை அச்செடுத்து, கையொப்பம் வாங்கி, வருடியில் (ஸ்கேனர்) படமாக்கி அனுப்பியிருந்தார்கள். என் கணினி "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றது. மீண்டும் அழைத்தேன். கையொப்பமிட்ட படத்தோடு மூலக் கோப்பையும் சேர்த்து இணைப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.