மழை வந்தால் வயிறு கலக்கும்

மருத்துவக் கவுன்சில் கணக்குப்படி ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கியபோது என் கையில் அதில் பாதிகூட இல்லை. குடியாத்தத்தில் ஒற்றை ஆளாக கிளினிக் நடத்துகிறவள் நான். வார நாளில் மூடினால் மறுநாள் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அதனால் குடல் கோளாறும் அதிர்ச்சிக்குப் பின் வரும் பதற்றமும் என்ற பயிற்சியில் சேர்ந்ததற்கு உண்மையான காரணம், வகுப்புகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்பதுதான். ஆறு வாரம் ஆன்லைன், கடைசி இரண்டு ஞாயிறு வேலூரில் நேரில்.

பாடம் எனக்குப் புதிது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழையதாகிவிட்டது எது என்று காட்டியது. நாங்கள் படித்தபோது ஐபிஎஸ் (IBS, வயிற்று வலியும் மலப்போக்கு மாற்றமும் சேர்ந்து வரும் குடல் கோளாறு) என்றால் எல்லாப் பரிசோதனையும் நார்மலாக வந்தபின் ஒட்டும் பெயர். 2016இல் சர்வதேச நிபுணர்கள் வெளியிட்ட ரோம் 4 வரையறை, வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி, அதுவும் மூன்று மாதமாக, மலம் போவதோடு சேர்ந்து மாறுவது என்று நேராகவே கண்டுபிடிக்கச் சொல்கிறது. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் ஏறக்குறைய 80 சதவீத இழைகள் வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு போகின்றன. நான் இத்தனை வருடம் அதைத் தலைகீழாக, மூளையிலிருந்து வயிற்றுக்கு என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்காக எச்சரிக்கை அறிகுறிகளை விட்டுவிடக் கூடாது என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: எடை குறைவது, ரத்தம் போவது, ரத்தசோகை, இரவில் எழுப்பும் வலி. நம் ஊரில் குடல் காசநோய் வேறு இருக்கிறது.

தேர்வில் தோற்றது பாடத்தில் அல்ல. நேரடி வகுப்பில் பயிற்சியாளர் ஒருவர் நோயாளியாக நடித்தார், எனக்கு ஏழு நிமிடம். முடிந்ததும் அவர் சொன்னார்: “மேடம், நான் மூணு தடவை வேற ஏதோ சொல்ல வந்தேன். மூணு தடவையும் நீங்க மாத்திரைப் பேரு சொன்னீங்க.” காது சூடாகிவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி நடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இடையில் ஆறு நோயாளிகளின் குறிப்பேடு எழுத வேண்டும். அதற்கு பதற்றத்தை அளக்க ஏழு கேள்வி கொண்ட படிவம். அச்சிட்ட தமிழில் முதல் கேள்வியை வாசித்தேன். எதிரில் இருந்த, பீடி சுற்றும் அக்கா, “பதற்றம்னா இன்னா டாக்டரம்மா?” என்றார். படபடப்பு, திக்குதிக்குன்னு இருக்குறது என்றதும், “அது டெய்லி கீது” என்றார். இப்படி வார்த்தையை மாற்றினால் மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது என்று வகுப்பில் சொன்னது உண்மைதான். ஆனால் மாற்றாமல் கேட்டால் பதிலே கிடையாது.

அவர் மஞ்சப்பையில் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் இரண்டு, ஸ்கேன் மூன்று. வருடக் கணக்கில் கேஸ் மாத்திரை. அதில் பாதி நானே எழுதியது. மல வகைகளைக் காட்டும் பிரிஸ்டல் படத்தை நீட்டினேன். ஆறாவது படத்தில் விரலை வைத்துவிட்டுச் சிரித்தார்: “இத்தையெல்லாம் படம் போட்டு வெச்சிக்கினு கீறீங்களா?” சிரிப்பு அடங்கியதும், எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டுவிட்டு பேனாவைக் கீழே வைத்தேன். அந்த அமைதி எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

“ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அப்போ.”

2021 நவம்பர். மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்யா ஆறு பெருகிய மழை. விவரம் தோண்டக் கூடாது, சொல்கிற அளவுக்குக் கேட்டால் போதும் என்பது பாடத்தில் எனக்குப் பிடித்த விதி. அவர் சொன்னது ஒரே வரி: “மழ தூறினாலே வயிறு கலக்கிடுது, வெளிய ஓடணும்.”

குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் மாத்திரை, இரவில் 10 மில்லிகிராம். பொது மருத்துவர்களிடம் வரும் ஐபிஎஸ் நோயாளிகளுக்கு இது உதவுகிறது என்று 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் செய்த ஆய்வு வந்திருக்கிறது. கூடவே வயிற்றில் கைவைத்து மூச்சு விடும் பயிற்சி. நான்காம் நாளே நிறுத்திவிட்டார். மெடிக்கலில் இருந்த பையன், “இது டிப்ரஷன் மாத்திரை அக்கா” என்று சொல்லியிருக்கிறான். தப்பு என்னுடையது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மனநல ஆலோசனைக்குப் போகலாமா என்றதும், “பாகாயத்துக்கா? எனக்கு இன்னா பைத்தியமா?” என்று எழுந்தேவிட்டார். பாகாயம் என்றால் எங்கள் பக்கம் வேலூர் மனநல மருத்துவமனை. உட்காரவைத்து, இந்த மாத்திரை குடல் நரம்பின் கூச்சத்தைக் குறைக்க, அந்த அளவில் வேறு வேலை என்று விளக்க இருபது நிமிடம் ஆனது. வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். ஆலோசனைக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. மாத்திரையை எடுத்துக்கொள்கிறார். மழையில் இப்போதும் போகிறது, ஆனால் முன்பு ஐந்தாறு தடவை, இப்போது இரண்டு.

குறிப்பேட்டில் அவர் இரண்டாவது ஆள். மற்றவர்களில் ஒருவருக்கு எடை குறைந்திருந்ததால் பதற்றப் பக்கமே போகாமல் மேல் பரிசோதனைக்கு அனுப்பினேன். அதுவும் கணக்கில் சேரும் என்றார்கள்.

இரண்டாம் முறை நடிப்பில் தேறினேன். சான்றிதழ் வந்தபோது என் இனிஷியல் தப்பு. மூன்று மெயில் போட்டு மாற்ற வேண்டியிருந்தது. இன்னும் சில மணி நேரம் பாக்கி. அடுத்த மாதம் காட்பாடியில் சர்க்கரை நோய் பற்றி ஏதோ இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைதான்.